ஐந்து மணிக்கு மேல் சோறு

ஆகஸ்ட் 5, திங்கள்

என் மைத்துனன் டெனிஸ் சொன்னதால் இந்த நோட்டை வாங்கினேன். "வாயில போடுற ஒவ்வொண்ணையும் எழுதுங்க அத்தான். எழுதினாத்தான் மனசு கட்டுப்படும்" என்றான். அவன் நான்கு மாதத்தில் பதினோரு கிலோ குறைத்திருக்கிறான். முதல் பக்கத்தில் நம்மைப் பற்றி எழுத வேண்டுமாம்.

செல்வின். வயது நாற்பத்தேழு. ஊர் தூத்துக்குடி. தனியார் கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறேன். பெட்டியை மேலிருந்து கவ்வித் தூக்கி அடுக்குகிற வண்டி. பத்தொன்பது வருஷத்தில் ஒரு பெட்டியைக்கூட நான் நசுக்கியதில்லை. எடை 92.4. வெறும் வயிற்றில் சர்க்கரை 168. மூன்று மாதச் சராசரி 8.6. டாக்டர் சுகந்தி ஜூனில் இன்னொரு மாத்திரை சேர்த்தார். இப்போது காலைச் சாப்பாட்டுக்கு முன் இரண்டு. டிசம்பரில் கம்பெனி மெடிக்கல். அதில் தேறாவிட்டால் வண்டியில் ஏற முடியாது.

முறை இதுதான். அரிசி, கோதுமை, கிழங்கு, பழம் எதுவானாலும் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல். அதுவும் முக்கால் மணி நேரம் நடந்த பிறகு. ஏழு மணிக்குள் முடித்துவிட வேண்டும். மற்ற நேரமெல்லாம் முட்டை, மீன், கறி, கீரை, மோர், கடலை. சோறு கெட்டதில்லை, சோறு தின்கிற நேரம்தான் கெட்டது என்று டெனிஸ் என்னைச் சேர்த்துவிட்ட வாட்ஸ்அப் குரூப்பில் பயிற்சியாளர் பேசி அனுப்பியிருந்தார். கேட்க நன்றாக இருந்தது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

காலை: முட்டை இரண்டு, மோர். மதியம்: பொரித்த சாளை மீன் ஆறு, முருங்கைக்கீரை. மாலை: நடை, சோறு ஒரு தட்டு, பருப்புக் குழம்பு, வாழைப்பழம்.

பசி இருந்தது. பொறுத்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

கோயில் முடிந்து வந்ததும் ரோஸ்லின் கறிக்குழம்பு வைத்தாள். மகள் மதுரையில் விடுதியில் இருப்பதால் வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் கறியை மட்டும் கிண்ணத்தில் போட்டுச் சாப்பிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து சோறு சாப்பிட்டாள்.

"ஞாயித்துக்கிழமையாவது ஒண்ணா சாப்பிடக்கூடாதா?" என்றாள்.

"ஒண்ணாத்தான உக்காந்திருக்கோம்."

அவள் என் பங்குச் சோற்றை ஐந்து மணி வரை மூடி வைத்திருந்தாள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

எடை 89.8. காலைச் சர்க்கரை 121. குரூப்பில் போட்டேன். நாற்பது பேர் கை தட்டினார்கள்.

ஆகஸ்ட் 28, புதன்

பெல்ட்டில் அடுத்த ஓட்டை. பதினோரு மணிவாக்கில் கேபினில் வேர்த்துக் கொட்டியது. ஏசி சரியில்லை.

செப்டம்பர் 3, செவ்வாய்

மெக்கானிக்கைக் கூப்பிட்டு ஏசியைப் பார்க்கச் சொன்னேன். "நல்லாத்தான இருக்கு? எனக்குக் குளுருது" என்றான். அவனுக்கு வேலை செய்ய மனசில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

எடை 87.5.

காலையில் வண்டியில் இருக்கும்போது விரல் லேசாக நடுங்குவதைப் பற்றிக் குரூப்பில் கேட்டேன். ஒரு மணி நேரத்தில் பயிற்சியாளரிடமிருந்து பதில் வந்தது. உடம்பு கொழுப்பை எரிக்கப் பழகுகிறதாம், இந்தக் கட்டத்தில்தான் பலர் தோற்றுப்போகிறார்களாம். எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் குடிக்கச் சொன்னார். குடித்தேன். மாத்திரை எதுவும் சாப்பிடுகிறீர்களா என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டதற்கு மட்டும்தானே பதில் சொல்ல முடியும்.

செப்டம்பர் 14, சனி

காலை: முட்டை இரண்டு, மோர்.

இன்று லீவு. பத்தரை மணிக்கு ரோஸ்லின் ஒரு தட்டில் இரண்டு இட்லியைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். நான் தட்டைத் தள்ளினேன். கொஞ்சம் வேகமாகத் தள்ளிவிட்டேன் போலிருக்கிறது. கீழே விழுந்தது.

"என்னத்துக்கு இப்படி எரிஞ்சு விழுதிய? இந்த நேரமானா ஒங்க மொகமே வேற மாதிரி ஆயிருது. கண்ணு எங்கயோ பாக்குது. பேசினா காதுல விழ மாட்டேங்குது."

"எட்டு கிலோவ நீயா எறக்கப் போற?"

எட்டு இல்லை, ஐந்துதான். வாயில் வந்துவிட்டது. சாயங்காலம் சோறு சாப்பிட்ட பிறகு மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். அவள் தைத்துக்கொண்டிருந்தாள். கேட்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

நான்காவது வரிசையில் ஒரு பெட்டியை ஒரு சாண் விலக்கி வைத்துவிட்டேன். மாடசாமி அண்ணாச்சி விசில் அடித்து நிறுத்தினார். என் வண்டிக்குக் கீழே நின்று கை காட்டுகிறவர் அவர்தான். பதினான்கு வருஷமாக அவர் கையைப் பார்த்துத்தான் வைக்கிறேன், எடுக்கிறேன்.

டீ இடைவேளையில் வந்து கேட்டார். "என்ன தம்பி, நா கைய மடக்கினப்பொறவும் வண்டி போய்க்கிட்டே இருந்துச்சே? தூங்கலையா?"

"வெயில்ல கண்ணு கூசிச்சு அண்ணாச்சி."

"நாளைலேர்ந்து கண்ணாடி போட்டுட்டு வாங்க" என்று சொல்லிவிட்டு, தன் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினார். வேண்டாம் என்றேன். மணி பதினொன்றே கால்தான் ஆகியிருந்தது.

செப்டம்பர் 26, வியாழன்

எடை 85.6! லேபில் பார்த்ததில் மூன்று மாதச் சராசரி 7.2. டெனிஸ் என் பழைய போட்டோவையும் புதியதையும் ஒட்டிக் குரூப்பில் போட்டான். "மன உறுதின்னா அத்தான்தான்" என்று எழுதியிருந்தான். யார்டில் நாலைந்து பேர் முறையைக் கேட்டார்கள். சொன்னேன்.

டாக்டர் சுகந்தி வரச் சொன்ன தேதி போன வாரமே போய்விட்டது. எல்லாம் நன்றாக இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 2, புதன்

முட்டை, மோர். சாளை. சோறு, ரசம், மாம்பழம். இல்லை, கொய்யா.

அக்டோபர் 8, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 9, புதன்

நேற்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையிலிருந்து தூறல். பதினொன்று இருபதுக்குக் காலிப் பெட்டி ஒன்றைத் தரையில் இறக்கிக்கொண்டிருந்தேன். மாடசாமி அண்ணாச்சி தரையில் போட்ட மஞ்சள் கோட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். பெட்டியின் முனை தோளில் இடித்தது. தூக்கிப் போட்டது போல விழுந்தார். இடது மணிக்கட்டில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு. தோளில் தையல். தலை தப்பியது.

சேஃப்டி ஆபீசர் கதிரேசன் வாக்குமூலம் வாங்கினார். மழை, தரை வழுக்கல், கோடு சரியாகத் தெரியவில்லை, சிக்னல்மேன் உள்ளே வந்துவிட்டார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதில் பொய் எதுவும் இல்லை. அவர் உள்ளே வந்தார்தான்.

மாலை சோறு இறங்கவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

அண்ணாச்சியை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். விதியை மீறிக் கோட்டுக்குள் நுழைந்தாராம். விசாரணை முடிந்ததும் அனேகமாக வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று கேட்டில் பேசிக்கொண்டார்கள். அவருக்கு வயது ஐம்பத்தாறு.

எடை 84.9.

அக்டோபர் 13, ஞாயிறு

அண்ணாச்சியைப் பார்க்கப் போனேன். கோயிலிலிருந்து நேராகப் போனதால் போய்ச் சேரப் பதினொன்றரை ஆகிவிட்டது. வழியிலேயே முதுகெல்லாம் ஈரம். பைக்கை நிறுத்தும்போது ஸ்டாண்டு காலில் சிக்கவில்லை. இரண்டு மூன்று தடவை உதைத்தேன்.

கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி வடிவக்கா என் முகத்தைப் பார்த்ததும், "என்ன தம்பி இப்படி வெளுத்துப்போய் வாறிய? மொதல்ல கைய கழுவுங்க" என்று சொல்லித் தட்டு வைத்துவிட்டார்கள். சோறு, விளைமீன் குழம்பு, அவரைக்காய்ப் பொரியல். ஐந்து மணிக்கு மேல்தான் சாப்பிடுவேன் என்று அந்த வீட்டில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாப்பிட்டேன். முதல் நாலு கவளத்தைப் பிசையக்கூட விரல் ஒழுங்காக வளையவில்லை. அவர்கள் மறுபடி சோறு போட்டார்கள். அதையும் சாப்பிட்டேன்.

கால் மணி நேரம் ஆகியிருக்கும். வேர்வை நின்றது. கை நடுக்கம் நின்றது. சுவரில் காலண்டர் இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணாச்சி அதுவரை பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார். அவர் குரல் அப்போதுதான் காதுக்குள் வந்தது.

"…மூணு தடவ விசில் அடிச்சேன் தம்பி. மழைல ஒங்களுக்குக் கேக்கல போல. பெட்டி கோணலா எறங்குது, கைய மடக்குறேன், நீங்க பாத்துக்கிட்டே இருக்கிய, வண்டி நிக்கல. சரி, கண்ணாடில தண்ணி ஒழுகுது, தெரியல போலன்னு கிட்ட வந்து கை காட்டுனேன். அதுக்குத்தான் கோட்டத் தாண்டுனேன். ஆபீஸ்ல சொன்னா நம்ப மாட்டேங்காங்க."

"கேக்கல அண்ணாச்சி" என்றேன்.

அன்று கேபினில் கண்ணாடி துடைப்பான் ஓடிக்கொண்டுதான் இருந்தது. வெளியே எல்லாம் தெரிந்தது. அவர் கை மேலே இருந்தது, விரல்கள் மடங்கியிருந்தன. அது என்ன அர்த்தம் என்று எனக்கு அப்போது புரியவில்லை. பதினான்கு வருஷமாகப் பார்க்கிற கை. அதை ஒரு படத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை இதுவரை எங்கும் எழுதவில்லை.

வடிவக்கா வாசல் வரை வந்து, "நீங்க ஒரு வார்த்த சொன்னா கம்பெனில கேப்பாங்கல்லா தம்பி" என்றார்கள். தலையாட்டிவிட்டு வந்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

லீவு போட்டேன். ரோஸ்லினிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. "இன்னைக்கும் அதே மாதிரி சாப்பிடுங்க. நா பக்கத்துல இருக்கேன். அந்த நேரத்துக்குக் குத்திப் பாப்போம்" என்றாள். சர்க்கரை பார்க்கும் மெஷின் வீட்டிலேயே இருக்கிறது. இதுநாள் வரை விடிந்ததும் ஒரு தடவைதான் பார்ப்பேன். குரூப்பில் போடுவதற்கு அந்த எண்தான் வேண்டும்.

இரண்டு மாத்திரை. இரண்டு முட்டை. மோர். கேபினில் உட்காருவது போலச் சும்மா உட்கார்ந்திருந்தேன். பத்தே முக்காலுக்கு உதட்டில் மரமரப்பு. ரோஸ்லின் விரலில் குத்தினாள்.

51.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த எண்ணைப் படித்தேன், ஆனால் அதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அவள் சீனியைக் கரைத்துக் கொண்டுவந்து வாயில் ஊற்றினாள். பாதி சட்டையில் சிந்தியது. பதினைந்து நிமிஷம் கழித்து 88. அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. ரோஸ்லின் அடுப்படியில் நின்று அழுதாள்.

மத்தியானம் டாக்டர் சுகந்தியிடம் போனோம். நோட்டை வாங்கி முதல் பக்கத்திலிருந்து படித்தார். ஆகஸ்ட் 28இல் விரலை வைத்தார். "ஏசி சரியில்ல" என்று சத்தமாகப் படித்தார்.

"எல்லாம் நீங்களே எழுதி வச்சிருக்கீங்களே செல்வின். அப்புறம் ஏன் உங்களுக்குத் தெரியல?"

நோட்டை மூடி வைத்தார்.

"நான் ஜூன்ல சேர்த்த மாத்திரை, காலையில இட்லியோ தோசையோ உள்ள வரும்னு நம்பி வேல செய்யுது. நீங்க அத சாயங்காலத்துக்குத் தள்ளிட்டீங்க. சரி. மாத்திரைக்கு யாரு சொல்றது? அது பாட்டுக்குச் சர்க்கரைய எறக்கிக்கிட்டே இருக்கு."

"அப்போ இந்த முறையே தப்பா டாக்டர்?"

"ஒரேயடியா அப்படிச் சொல்ல மாட்டேன். எட கொறஞ்சது நல்லதுதான், நடக்கறீங்க, அதுவும் நல்லது. உங்க மச்சினனுக்குச் சக்கரையும் கெடையாது, மாத்திரையும் கெடையாது. அவர் சும்மா பசியோட இருந்தார். நீங்க மயக்கத்துக்குப் பக்கத்துல போய் நின்னுட்டு வந்திருக்கீங்க, தெனமும். அதுவும் நாப்பது டன் வண்டியில."

வண்டி அதைவிட அதிகம். திருத்தவில்லை.

அந்த மாத்திரையை நிறுத்தினார். மூன்று வேளையும் அளவாக மாவுச்சத்து. வண்டியில் ஏறும் முன் சர்க்கரை பார்க்க வேண்டும். மூன்று மாதம் வண்டி ஓட்டக்கூடாது என்று அவர் எழுத வேண்டியிருக்கும் என்றார். "கம்பெனிக்கு நீங்களே சொல்றீங்களா?"

சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

காலை: இட்லி மூன்று, சாம்பார், முட்டை ஒன்று.

எட்டே முக்காலுக்குக் கதிரேசன் அறைக்குப் போனேன். வாக்குமூலத்தை மாற்ற வேண்டும் என்றேன். கதவைச் சாத்தினார்.

"யோசிச்சுப் பேசுங்க செல்வின். ரிப்போர்ட் மேல போயாச்சு. மழைன்னு முடிஞ்சிரும். ஒங்களுக்கு ஒண்ணும் வராது."

"மாடசாமி அண்ணாச்சிக்கு வருதே சார்."

நோட்டை மேஜையில் வைத்தேன். டாக்டர் கொடுத்த சீட்டையும் வைத்தேன். அவர் படிக்கப் படிக்க எனக்கு வெட்கமாக இருந்தது. தட்டைத் தள்ளியதையெல்லாம் ஏன் எழுதினேன். செப்டம்பர் 20 வந்ததும் நிறுத்தி, "அப்பவே தெரிஞ்சிருக்கு" என்றார்.

"தெரியல சார்" என்று சொல்ல வாயெடுத்தேன். அப்புறம், "தெரிஞ்சுக்க வேண்டாம்னு இருந்திருக்கேன்" என்றேன்.

புது வாக்குமூலத்தில் மூன்று தடவை விசில் என்று எழுதினேன். அவர் கோட்டைத் தாண்டியது என்னை நிறுத்துவதற்கு என்று எழுதினேன். வண்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 16, புதன்

அண்ணாச்சி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். முழுவதையும் கேட்டார். கடைசியில், "அன்னைக்கு என் வீட்ல ஒக்காந்து ரெண்டு தட்டம் சாப்பிட்டியே, அப்பவே சொல்லிருக்கலாம்லா?" என்றார். பதினான்கு வருஷத்தில் முதல் தடவையாக என்னை ஒருமையில் பேசினார்.

"தைரியம் வரல அண்ணாச்சி."

"சோத்தத் தின்னுட்டு ‘கேக்கல அண்ணாச்சி’ன்னு சொல்ல மட்டும் வந்துச்சா?"

வடிவக்கா வெளியே வரவில்லை. தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. அது சரிதான்.

அக்டோபர் 24, வியாழன்

அண்ணாச்சி மேல் இருந்த குற்றத்தை எடுத்துவிட்டார்கள். கட்டுப் பிரித்ததும் வேலைக்கு வரலாம். எனக்குக் கேட்டில் லாரி எண் குறிக்கிற வேலை. இன்னொரு தடவை இப்படி நடந்தால் வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.

நவம்பர் 3, ஞாயிறு

டெனிஸ் வந்தான். என்னால் குரூப்புக்குக் கெட்ட பெயர் என்றான். குரூப்பில் நான் எழுதியது இரண்டே வரிதான்: சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் நேரத்தை மாற்ற வேண்டாம், எனக்கு 51க்குப் போனது. ஐந்து நிமிஷத்தில் அதை அழித்துவிட்டு என்னை வெளியே போட்டுவிட்டார்கள். அதற்குள் படித்த ஒரு பெண்மணி தனியாகப் போன் செய்து, "எனக்கும் அப்படித்தான் சார் வேர்க்குது, என்ன மாத்திரைன்னு பாத்துச் சொல்றீங்களா" என்றார். எனக்குச் சொல்லத் தெரியாது, இன்றைக்கே டாக்டரிடம் போங்கள் என்றேன்.

"ஆனாலும் நீங்க எட கொறஞ்சியள்லா அத்தான்?" என்றான் டெனிஸ்.

"கொறஞ்சேன்டே. நீ சொன்னதுல அதெல்லாம் பொய்யில்ல."

ரோஸ்லின் மூன்று பேருக்கும் இலை போட்டாள். மத்தியானம் ஒன்றரை மணி. டெனிஸ் மீனை மட்டும் எடுத்துக்கொண்டான். நான் அளந்து ஒரு கரண்டி சோறு போட்டுக்கொண்டேன். சாப்பிட்டு முடித்த பிறகு செப்டம்பர் 14க்காக ரோஸ்லினிடம் மன்னிப்புக் கேட்டேன். அவளுக்குத் தேதி நினைவில்லை. தட்டு நினைவிருந்தது.

நவம்பர் 19, செவ்வாய்

எடை 86.8. ஏறியிருக்கிறது.

கேட்டில் உட்கார்ந்திருக்கும்போது யோசிக்க நேரம் இருக்கிறது. இந்த நோட்டில் நான் எழுதியதெல்லாம் என்ன தின்றேன், எத்தனை மணிக்கு, எவ்வளவு குறைந்தேன் என்பதுதான். சாப்பிட்ட பிறகு எப்படி இருந்தேன் என்று ஒரு நாளும் வேண்டுமென்று எழுதியதில்லை. அது தானாகவே உள்ளே வந்துவிட்டிருக்கிறது: வேர்வை, நடுக்கம், கோபம். நல்ல சாப்பாடு என்றால் என்னைக் குறைக்கிற சாப்பாடு என்று நினைத்திருந்தேன். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, எதிரில் நிற்கிற ஆள் காட்டுகிற கை எனக்குப் புரிய வேண்டும். அது புரியாத சாப்பாடு எத்தனை கிலோ குறைத்தாலும் எனக்கு ஆகாது. மற்றவர்களுக்கு எப்படியோ.

டிசம்பர் 17, செவ்வாய்

மெடிக்கல். காலைச் சர்க்கரை 126. சராசரி 7.1. ஒரு மாதம் தினமும் நான்கு வேளை குறித்த தாளைக் கேட்டார்கள். கொடுத்தேன். எழுபதுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. ஜனவரி 20 முதல் வண்டி ஓட்டலாம். வண்டியில் ஏறும் முன் கதிரேசன் முன்னால் விரலில் குத்திச் சர்க்கரையைக் காட்ட வேண்டும் என்று நிபந்தனை.

ஜனவரி 6, திங்கள்

அண்ணாச்சி வேலைக்கு வந்துவிட்டார். கேட்டைத் தாண்டும்போது என்னைப் பார்த்தார். வணக்கம் சொன்னேன். தலையை அசைத்தாரா இல்லையா என்று தெரியவில்லை.

ஜனவரி 17, வெள்ளி

கதிரேசன் கூப்பிட்டார். திங்கட்கிழமை எனக்குக் கீழே வேறு சிக்னல்மேனைப் போடலாமா என்று மாடசாமியிடம் கேட்டாராம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.

வேறு ஆளைப் போட்டுவிடுங்கள், அதுதான் முறை என்றேன்.

ஜனவரி 20, திங்கள்

காலையில் 134. கதிரேசன் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இரண்டு.

வண்டிக்குப் போனபோது, மஞ்சள் கோட்டுக்கு வெளியே மாடசாமி அண்ணாச்சி நின்றிருந்தார். இடது கை இன்னும் முழுதாக நீளவில்லை. விசிலை வலது பக்கம் மாற்றிக் கட்டியிருந்தார். நான் ஏணியில் கால் வைத்ததும், "நில்லு" என்றார். நின்றேன்.

"சாப்பிட்டியா?"

யாரும் யாரையும் கேட்கிற கேள்விதான். பதிலுக்கு ஆச்சு என்று சொல்லிவிட்டுப் போவதுதான் வழக்கம்.

"இட்லி மூணு அண்ணாச்சி. முட்டை ஒண்ணு. ஏழே காலுக்கு. பத்தரைக்கு ரெண்டு பிஸ்கட் வச்சிருக்கேன்."

"பத்தரைக்கு நா விசில் அடிப்பேன். வண்டிய நிறுத்திட்டுத் திங்கணும். நா பாக்கணும்."

"சரி அண்ணாச்சி."

மேலே ஏறி உட்கார்ந்தேன். அவர் கையை உயர்த்தினார். விரல்களை விரித்தார். வண்டியை நகர்த்தினேன். விரல்களை மடக்கினார். நிறுத்தினேன். பெட்டி எதுவும் இல்லாமல் இப்படியே மூன்று தடவை செய்ய வைத்தார். அதன் பிறகுதான் முதல் பெட்டியைக் காட்டினார்.